மலையேற்றாமல் விட்ட பாட்டு

இருந்தது. என் நண்பனின் அக்கா தனக்காவின் மேல் இறங்கிய சாமியை மலையேற்றி அனுப்பும் உறுமி அடி, அன்று மேடையில் என் மடிக்கணினிக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு விசையை அழுத்தியிருந்தால் அரங்கம் முழுவதும் கேட்டிருக்கும். இல்லை என்று சொன்னேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கக்கூடும்... விளக்கை அணைத்துவிட்டு, காதை மூடும் ஹெட்போனில். கேட்டு முடித்ததும், இப்படியும் ஒரு முடிவா என்று வியந்திருக்கக்கூடும். எதைக் கேட்டு வியந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆல்பத்தின் பெயர் 'அடிவண்டல்'. கிடாரைக் கரகரக்க விட்டு, அதன் அடியில் கணினியில் செய்த தாழ்ந்த ஒலிகளைப் பரப்பி, எல்லாவற்றையும் மிக மெதுவாக நகர்த்திய ஆல்பம். ராக் கேட்க வந்தவர்கள், எப்போது வேகம் எடுக்கும் என்று கேட்டார்கள். எலக்ட்ரானிக் என்று வந்தவர்கள் ஆட முடியாமல் விழித்தார்கள். வைகையில் தண்ணீர் வந்து வடிந்த பிறகு கரையோரம் கருப்பாக ஒரு சேறு கிடக்குமே, அதில் தெரியாமல் கால் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படித்தான் வந்தது.

செய்தவர்கள் இரண்டு பேர். நானும் கார்மேகமும்.

என் வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கம். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் எங்கள் மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பா விசைத்தறிகளை விற்றுவிட்டுக் கடைக்குப் போனதும், தறிக்கூடத்தை நான் ஒலிப்பதிவு அறையாக்கிக்கொண்டேன். பழுதான ஒரு தறியை மட்டும் யாரும் வாங்கவில்லை. அது மூலையிலேயே நின்றது. அதை எப்படியோ ஓடவைத்துச் சத்தத்தைப் பிடித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். தடக்... தடக்... என்று ஆல்பம் முழுவதும் ஒரு துடிப்பு கேட்கிறதே, அது அந்தத் தறிதான்.

கார்மேகம் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே வயற்காட்டுக்குள் இருக்கும் ஓர் ஊர்க்காரன். அவனுடைய தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. ஊர் அம்மனுக்கு உறுமி அடிக்கும் உரிமை அவன் வீட்டுக்குத்தான். வார நாள்களில் பைக் சர்வீஸ் கடை, முகூர்த்த நாள்களில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ். அங்கேதான் பழக்கம். அவன் அடிப்பான், நான் ஒலியைச் சரிசெய்வேன். சில மாதங்களிலேயே நாங்கள் மாப்ள, மாப்ள என்றாகிவிட்டோம்.

அவனுடைய அக்கா தனலட்சுமி. தனக்கா. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அந்த வீட்டிலிருந்து அரசு வேலைக்குப் போன முதல் ஆள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கண்ணாடி, அளந்து பேசும் பேச்சு. அவர் வந்தால் நான் இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

ஊர்த் திருவிழாவில் ஆத்தா இறங்குவது தனக்காவின் மேல்தான். தம்பி உறுமி அடிக்க, அக்காவுக்குச் சாமி வரும். அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் அந்தச் சமயத்தில் அவருக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். "சாமி ஊரோட இருக்கட்டும் தம்பி. ஆபீஸ்ல நான் கையெழுத்துப் போடுற ஆளு" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது சிரித்தார். அதனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றோ? இல்லை. தெரியும்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு உறுமி வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழுமே... எந்த எந்திரத்தாலும் அதைச் செய்ய முடியவில்லை. கார்மேகம் பல நாள் யோசித்தான். பிறகு ஒரு நாள் காலையில் குளித்து, உறுமியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான். செருப்பை வெளியே விட்டான். சூடம் ஏற்றினான். புகை மைக்கில் படுமோ என்பது என் கவலை.

"மாப்ள, அழைக்கிற அடி மட்டும் போதும்" என்றேன்.

"அழைச்சுட்டு அப்படியே போட்டுட்டுப் போக முடியாதுடா. வீட்டுக்கு வந்த ஆளையே வாசல் வரைக்கும் போயி அனுப்பி வைக்கிறோம். கடைசில மலையேத்தித்தான் முடிப்பேன். நீயும் அதோட தான் வெளியிடணும்."

"சரி" என்றேன்.

சாமி இறங்கி வருவதற்கு ஓர் அடி. வந்த சாமி விடைபெற்று மலையேறுவதற்கு வேறோர் அடி. அவன் வீட்டு வழக்கத்தில் இந்த இரண்டும் ஒரே மூச்சு. நடுவில் நிறுத்த மாட்டார்கள். அன்றும் நிறுத்தாமல் அடித்தான். முடித்ததும் உறுமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டான்.

பாட்டை அமைக்கும்போதுதான் சிக்கல். அழைக்கும் அடி கிடாரோடும் தறியோடும் சேர்ந்து நான் நினைத்ததைவிடக் கனமாக வந்தது.  ஆனால் மலையேற்றும் அடி விறுவிறுப்பானது; துள்ளல் கொண்டது. இருட்டில் முடிய வேண்டிய பாட்டை அது வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை.

எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை. அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் அணைத்தேன். கணினித் திரையில், பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், அது சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையாகக் கிடந்தது. பாட்டு இப்போது அழைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்து நின்றது. அதற்குப் பின் கிடாரின் அடியொலி மட்டும் நெடுநேரம் ஓடி ஓய்ந்தது. அற்புதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார்மேகத்திடம் சொல்லவில்லை. வெளியீட்டு நாளில் கேட்டுக்கொள்ளட்டும், கேட்டால் அவனுக்கே பிடித்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா? அவன் மறுத்துவிடுவான் என்று தெரிந்ததால்தானே மறைத்தேன்!

வெளியீட்டுக்குச் சின்ன அரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு மாலை நேரம். ஆல்பம் முழுவதும் ஒலிக்கும். மேடையில் நான் கிடாரோடும் கணினியோடும், அவன் டிரம்ஸோடும் சேர்ந்துகொள்வோம். உறுமி மட்டும் பதிவிலிருந்து வரும். தனக்கா முதலில் வர மறுத்தாராம். கார்மேகம்தான் கெஞ்சியிருக்கிறான். "கடைசில மலையேத்தித்தான்க்கா முடியுது, நானே அடிச்சிருக்கேன், பயப்படாம வா" என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அவர் வந்தார். தனியாக அல்ல, அலுவலகத் தோழிகள் சிலரையும் தம்பியின் பெருமையைக் காட்ட அழைத்துவந்திருந்தார்.

அந்த வாக்கைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. இதை ஒரு சாக்காகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் இரண்டாவது வரிசையில் அமர்ந்திருப்பதை நான் பார்த்தேன். பார்த்தும் பாட்டைப் போட்டேன்.

உறுமி முனகத் தொடங்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். அதையும் பார்த்தேன். கொஞ்ச நேரம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தாங்கிக்கொண்டால் முடிந்துவிடும், கடைசியில் அந்த அடி வந்துவிடும் என்று காத்திருந்திருக்கிறார்... இப்போது அது எனக்கு விளங்குகிறது. பிறகு கால் ஆடியது. தோள் ஆடியது. எழுந்தார்.

அரங்கம் இருட்டு. மேடை விளக்கின் சிவப்பு அவர் மேல் விழுந்தது. கூந்தல் அவிழ்ந்து, நாக்கைத் துருத்தி, எங்கள் மெதுவான தாளத்துக்குச் சரியாக ஆடத் தொடங்கினார். கூட்டம் இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்தது. ஒவ்வொரு கைபேசியாக மேலே எழுந்தது.

பாட்டு அறுந்து நின்றது. அவர் நிற்கவில்லை.

கார்மேகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மலையேத்துறத போடு மாப்ள."

"அது இல்ல மாப்ள."

"இல்லன்னா?"

"சரியா பதிவாகல. வெறும் இரைச்சல்தான் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

பொய் எவ்வளவு எளிதாக வந்தது, பாருங்கள்! திக்கவில்லை, வேர்க்கவில்லை. என் வீட்டு மொழியில் என்றால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனோ என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன்.

அவன் என்னை நம்பினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கணம்கூட ஐயப்படாமல் டிரம்ஸ் பக்கம் திரும்பி, குச்சிகளை எறிந்துவிட்டு, பெரிய டிரம்மின் மேல் வெறும் கையால் அந்த மலையேற்றும் அடியை அடிக்கத் தொடங்கினான். அது தனக்காவின் காதில் விழுந்திருந்தாலாவது ஏதாவது நடந்திருக்கும். கிடாரின் அடியொலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கும் பொத்தான் என் விரலுக்கு அடியில் இருந்தது.

நான் குறைக்கவில்லை. கூட்டினேன்.

ஏன்? இந்தக் கேள்வியை என்னிடம் நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பதில் ஒன்றுதான். அவ்வளவு நல்ல முடிவு என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. அரங்கம் மூச்சடக்கி நின்றது. ஒருவர்கூடக் கைபேசியைத் தாழ்த்தவில்லை. அந்தத் துள்ளல் அடி வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தோன்றியது. ஒரு பெண் நிற்க முடியாமல் ஆடுகிறார். எனக்குப் பாட்டின் அழகு பெரிதாகப் பட்டது.

எங்கள் சாமி நாமம் போட்ட சாமி, ஆள் மேல் இறங்காது, இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவர்கள் ஊர்த் திருவிழாவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மலையேற்றும் அடி விழுந்ததும் தனக்கா இரண்டு கையையும் தூக்கி, "போயிட்டு வாரேன்" என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்து, மறுபடியும் தனக்காவாக ஆனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அன்று யாரும் அப்படி விடைபெறவில்லை. ஆடி ஆடிச் சோர்ந்து, ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் நெற்றி மோதி விழுந்தார். புருவம் கிழிந்து ரத்தம். கூட்டம் கைதட்டியது. அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு கார்மேகம் ஆட்டோவுக்கு ஓடினான். அப்போதுதான் நான் ஒலியை அணைத்தேன்.

பல நாள் அவர் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருக்குமாம், எங்கள் பாட்டின் அந்த மெதுவான தாளம். மருத்துவரிடம் காட்டினார்கள், கோயிலிலும் திருநீறு போட்டார்கள். பிறகு மெல்ல மெல்லத் தேறி வேலைக்குப் போனார்.

அவருக்கு முன்பே அந்தக் காணொளி அலுவலகத்துக்குப் போயிருந்தது. சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மேலதிகாரி ஒருவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு, கைகூப்பி, "எம் மகளுக்கு எப்பம்மா வரன் அமையும்?" என்று குறி கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்துதான் தனக்கா அழுதார் என்று கார்மேகம் சொன்னான்.

ஊரில் பழி முழுவதும் அவன் மேல் விழுந்தது. அழைக்கத் தெரிந்தவனுக்கு அனுப்பத் தெரியவில்லை என்றார்கள். அடுத்த திருவிழாவில் உறுமியை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. "எம் மேலதான் தப்பு மாப்ள. பதிவானத அன்னைக்கே ஒரு தடவ கேட்டுப் பாத்திருக்கணும். உறுமியவாச்சும் கையோட கொண்டு வந்திருக்கணும்" என்றான். என் அறையில், அந்தத் தறியில் சாய்ந்துகொண்டு, என்னிடமே சொன்னான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிக் கொடுத்தேன்!

ஆல்பம் பரவியது. பாட்டு ஏன் அப்படி அறுந்து நிற்கிறது என்று பேட்டிகளில் கேட்டார்கள். முடிவின்மையை உணர்த்துவதற்காக என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு நண்பகலில், தனக்கா தனியாக என் அறைக்கு வந்தார். அதே கஞ்சிச் சேலை. புருவத்தில் தழும்பு. நான் எழுந்து நின்றேன்.

"அந்தப் பாட்ட ஒரு தடவ போடுங்க தம்பி. முழுசா."

"எதுக்குக்கா? வேணாம்க்கா."

"டீக்கடையில கேக்குது, பஸ்ஸில யாரு போன்லயோ கேக்குது. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஓடிக்கிட்டே இருக்க முடியுமா? ஒரு தடவ கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டாப் பயம் விட்டுரும். கார்மேகம்ட்ட சொல்ல வேணாம்."

ஆல்பத்தின் முடிந்த வடிவத்தைப் போட்டிருக்கலாம். பழக்கத்தில் மூலப் பதிவையே கணினியில் திறந்துவிட்டேன். பழக்கத்திலா? பிடிபட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேனா? தெரியவில்லை. திறந்தேன், ஓட விட்டேன்.

அவர் தறியின் இரும்புக் காலைப் பற்றிக்கொண்டு ஸ்டூலில் அமர்ந்தார். பார்வை திரையில் இருந்தது. திரையில் ஒரு கோடு, ஒலிக்கும் இடத்தைக் காட்டியபடி இடமிருந்து வலமாக நகரும். உறுமி முனகியது. அவர் கால் விரல்கள் தரையை நெரித்தன. தோள் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

பாட்டு அறுந்தது. அடியொலியும் ஓய்ந்தது. அறையில் சத்தம் இல்லை. தனக்காவின் உடல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தறியின் காலும் சேர்ந்து ஆடியது. திரையில் கோடு நிற்கவில்லை. சாம்பல் நிறப் பட்டையின் மேல் மெதுவாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

சுட்டெலி என் கைக்குள் இருந்தது. ஒரு சொடுக்கு. ஒலி திரும்பியிருக்கும். கார்மேகத்தின் கை, அவர் வீட்டு உறுமி, அவரை அனுப்பிவைக்கும் அடி... அத்தனையும் இரண்டு முழத் தூரத்தில், ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டு முடிஞ்ச பெறகும் அந்தக் கோடு ஓடுதே தம்பி" என்றார், மூச்சு வாங்க. "அதுல ஏதோ பட்டையா கெடக்கே. என்னது?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் எடம்."

 கோடு அந்தப் பட்டையின் கடைசிக்குப் போய் நிற்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் கோப்புகளைப் பார்த்த கண். பிறகு தறியின் காலிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கார்மேகம் அடிச்சிருப்பான்னு எனக்குத் தெரியும்" என்றார். "அவன் பாதில விடுற ஆளு இல்ல. நீங்களும் அப்படித்தான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். படியிறங்கிப் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தார். நடையில் இன்னும் அந்தத் தாளம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்று அரங்கத்தில் கூட்டம் இருந்தது, கைபேசிகள் இருந்தன, புகழின் ஆசை இருந்தது. இந்த அறையில் யார் இருந்தார்கள்? அவரும் நானும் மட்டும். எதற்காக மறைத்தேன்? பாட்டின் அழகுக்காக என்று இந்த முறை சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரை அப்படியே ஆட விட்டேன்.

அவர் போன பிறகு பட்டையின் ஒலியைத் திறந்துவிட்டுக் கேட்டேன். இரைச்சல் இல்லை, பிசிறு இல்லை. உறுமி துள்ளித் துள்ளி விடைகொடுத்தது. கடைசியில் கார்மேகத்தின் குரலும் சிறிதாகப் பதிவாகியிருந்தது: "போயிட்டு வா ஆத்தா." இருந்து கேட்க வேண்டியவர் அறையில் இல்லை.

மறுநாள் கார்மேகம் வந்தான். கையில் டிரம் குச்சிகள் மட்டும்.

"அக்கா இங்கிட்டு வந்துச்சா மாப்ள? நேத்து ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டிருக்கு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"இல்லயே" என்றேன்.

"சரி விடு. இன்னைக்கு என்ன வேல?" என்று கேட்டபடி, நேற்று தனக்கா அமர்ந்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் அமர்ந்தான். நான் கணினியை அவன் பக்கம் திருப்பினேன். திருப்புவதற்கு முன், அந்தப் பட்டையின் ஒலியை மறுபடியும் அணைத்து வைத்திருக்கிறேனா என்று சரிபார்த்துக்கொண்டேன்.